வலசை: ஆறுமணிக் குருவிக்கு ஏற்ற சொல்

ஒக்டோபர் பிறந்துவிட்டால், இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) கீழே கானு (வடிகால்) ஓரத்தில் ஒரு விசில் கேட்கும். விடியும்போது ஒரு தரம், விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தரம். அதனால்தான் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு வருஷம், பறந்து வந்த அசதியில் அது இஸ்தோப்பில் (வீட்டு முன்திண்ணையில்) விழுந்து கிடந்தது. பச்சை முதுகு, இறக்கையில் நீலப் பொட்டு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியே மை தீட்டியது போலக் கறுப்புப் பட்டை. கையில் எடுத்தால் நெஞ்சு படபடவென்று அடித்தது. கொழுந்துக் கூடையால் மூடி வைத்தோம். "அக்கரையில இருந்து வந்திருக்குடா, தண்ணி காட்டி விட்டுடு" என்றாள் அப்பாயி.

இப்படி வரும் பறவைகளை நம் பத்திரிகைகள் வெளிநாட்டுப் பறவை, இடம்பெயர் பறவை, புலம்பெயர் பறவை என்றெல்லாம் எழுதுகின்றன. முதலாவதை என்னால் ஏற்கவே முடியாது. வருஷத்தில் பாதியை நம் மலையில் கழிக்கிற பறவை எப்படி வெளிநாட்டுப் பறவை ஆகும்? இங்கேயே பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்து, 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்கள் ஆக்கப்பட்ட நமக்கு அந்தச் சொல்லின் வலி தெரியும்.

இடம்பெயர்தல் என்றால் இலங்கைத் தமிழ்க் காதில் போரும் அகதி முகாமும்தான் விழும். புலம்பெயர்தல் அழகான பழைய சொல். காவிரிப்பூம்பட்டினத்தில் வந்து தங்கிய அயல்நாட்டாரைப் பட்டினப்பாலை 'புலம் பெயர் மாக்கள்' என்கிறது. ஆனால் இன்று அந்தச் சொல் கனடாவிலும் லண்டனிலும் குடியேறிய நம் உறவுகளுக்கு என்று ஆகிவிட்டது.

சரி, பறவைக்கு எது? வலசை.

பகைக்கு அஞ்சி, குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போவதையே அகராதிகள் வலசை என்கின்றன. தெலுங்கில் வலச, கன்னடத்தில் வலசெ என்று அக்கம்பக்கத்து மொழிகளிலும் இது உண்டு. அங்கேயும் பருவத்துக்கு வந்து போகும் பறவைகளுக்கு இந்தச் சொல்தான். இராமநாதபுரம் பக்கம் புதுவலசை என்று ஊரே இருக்கிறது. தோட்ட வேலைக்கு வந்த நம் பாட்டன் பூட்டன்மார் மண்டபம் முகாமில் காத்திருந்து தலைமன்னாருக்குக் கடல் கடந்ததும் அந்தக் கரையிலிருந்துதான். மனிதர்களின் ஓட்டத்தைச் சொன்ன சொல், பறவை ஆர்வலர்களின் கையில் போக்கையும் வரவையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது. வலசை போகிறது என்றும் சொல்லலாம், வலசை வருகிறது என்றும் சொல்லலாம். மற்றச் சொற்களில் இந்த வசதி இல்லை.

பறவைகளைக் காப்பவர்களுக்கு இது சொல் விளையாட்டு கிடையாது. காஷ்மீர் ஈப்பிடிப்பானை எடுத்துக்கொள்ளுங்கள். குருவியளவுதான் இருக்கும்; ஆணுக்குச் செம்மஞ்சள் நெஞ்சு, அதன் இரு பக்கமும் கறுப்புக் கரை. காஷ்மீர்ப் பக்கத்து இமயமலைக் காட்டில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்கு மேற்குத் தொடர்ச்சி மலைக்கும் நம் மத்திய மலைநாட்டுக்கும் வருகிறது. உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனம். நுவரெலியா நகரின் நடுவே, விக்டோரியா பூங்காவில் அதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே கல்வேஸ் வனம். 1938இல் சரணாலயம், 2006இல் தேசியப் பூங்கா. காஷ்மீரில் காட்டைக் காத்து, இங்கே மரக்கறித் தோட்டத்துக்காக மலை இடுக்குக் காட்டை வெட்டினால் அந்தப் பறவைக்குப் பாதி வீடுதான் மிஞ்சும்.

அதனால்தான் நாடுகள் சேர்ந்து வேலை செய்ய வேண்டியிருக்கிறது. சைபீரியாவிலிருந்து இந்தியப் பெருங்கடல் வரை 30 நாடுகளைத் தொட்டுச் செல்லும் மத்திய ஆசிய வலசைப் பாதையின் தென் முனையில் நம் தீவு இருக்கிறது. வலசை உயிரினங்களுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இலங்கை 1990 முதல் உறுப்பு நாடு. 2024 பெப்ரவரியில் சமர்கந்தில் கூடிய அதன் மாநாடு, இந்தப் பாதைக்கென்றே ஒரு கூட்டுத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது.

எழுதும்போது ஒன்று கவனிக்க வேண்டும்: வலசைப் பறவை, வலசைப் பாதை, வலசைக் காலம் என்று ஒற்று மிகும். வழியில் பறவைகள் இளைப்பாறும் குளத்தையும் தோப்பையும் 'தங்கல்' என்று சொல்லலாம் என்பது என் விருப்பம். திருத்தங்கல் போன்ற ஊர்ப் பெயர்களில் ஏற்கெனவே பழகிய சொல்தானே.

ஆறுமணிக் குருவி தரையில்தான் இரை தேடும். சருகைப் புரட்டி, புழுவையும் பூச்சியையும் கொத்தித் தின்னும். பற்றையை (புதரை) செதுக்கி, களைநாசினி அடித்துவிட்டால் சருகும் இருக்காது, புழுவும் இருக்காது. எங்கள் லயத்துக்குக் கீழே கானு ஓரப் பற்றையை இந்த வருஷம் வெட்டாமல் விட்டிருக்கிறோம். போன வாரம், பிரட்டுக்கு (காலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஆட்கள் கிளம்புகிற நேரத்தில், விசில் கேட்டது.