விதையில் வலியா? எண்ணெயைத் தேடாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்

இந்த மாதமும் ஒரு பையனின் விதையை எடுக்க வேண்டியதாயிற்று. 14 வயது. விடியற்காலையில் அடிவயிறு வலிக்கிறதென்று எழுந்தவன் இரண்டு தடவை வாந்தியும் எடுத்திருக்கிறான். 'சூடு பிடிச்சிருக்கு' என்று தொப்புளில் விளக்கெண்ணெய், குடிக்க இளநீர், மருந்துக்கடையில் வலி மாத்திரை. எங்கே வலிக்கிறது என்று அம்மாவிடம் சொல்ல அவனுக்கு வெட்கம். மூன்றாம் நாள் எங்களிடம் வந்தபோது விதை கறுத்துச் செத்துப்போயிருந்தது.

விதைக்கு ரத்தம் கொண்டுபோகும் கொடி முறுக்கிக்கொண்டதுதான் காரணம். 6 மணி நேரத்துக்குள் முறுக்கை எடுத்துவிட்டால் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். ஒரு நாள் தாண்டிவிட்டால் அநேகமாக எடுத்துவிடத்தான் வேண்டும்.

இந்தச் 'சூடு' பற்றிச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. உடம்புச் சூட்டால் விதை முறுக்காது. வெயிலில் விளையாடியதால், கோழிக்கறி சாப்பிட்டதால், எண்ணெய்க் குளியல் போடாததால் முறுக்காது. மார்கழிக் குளிரில், நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும் பையனுக்கும் வரும். சில பையன்களுக்குப் பிறவியிலேயே விதை பைக்குள் சரியாக ஒட்டாமல் தொங்கும், அதுதான் முறுக்கும். மறுபக்கமும் அப்படியே இருக்க வாய்ப்புள்ளதால், ஆபரேஷனில் அதையும் தைத்து நிலைநிறுத்திவிடுவோம். எண்ணெய் வைத்தபின் வலி குறைந்தால் சூடு தணிந்தது என்று நம்பாதீர்கள். முறுக்கு தானாக அவிழ்ந்திருக்கலாம், மறுபடி முறுக்கும். விதை செத்துக்கொண்டிருந்தாலும் வலி குறையும்.

'கிரிக்கெட் பந்து பட்டுடுச்சு டாக்டர்' என்பார்கள். பந்து பட்ட வலி ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லையென்றால் அதையும் காட்டியாக வேண்டும். கிருமித் தொற்றாலும் விதை வீங்கி வலிக்கும். எது என்பதை வீட்டில் தீர்மானிக்காதீர்கள்.

வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, அறுவை சிகிச்சை வசதியுள்ள ஆஸ்பத்திரிக்கு நேரே போங்கள். வழியில் இளநீர், ஜூஸ், காபி எதுவும் கொடுக்காதீர்கள். மயக்க மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். இளம் மருத்துவர்களுக்கும் ஒரு வார்த்தை: வயிற்று வலி என்று வரும் பையனின் கால்சட்டையை இறக்கிப் பார்க்காமல் அனுப்பாதீர்கள். முறுக்கு என்று தெளிவாகத் தெரியும்போது ஸ்கேனுக்காகக் காத்திருக்கவும் வேண்டாம்.

அப்பாக்களே, பத்து வயதானதும் பையனைப் பக்கத்தில் உட்காரவைத்து, 'அங்க வலிச்சா நடுராத்திரினாலும் என்னை எழுப்புடா' என்று சொல்லி வையுங்கள். தயவுசெய்து.

கைக்குழந்தைகள் விஷயம் வேறு. குளிப்பாட்டும்போது பையில் இரண்டு விதையும் இருக்கிறதா என்று பாருங்கள். இறங்காத விதை பிறந்து 6 மாதம் வரை தானாக இறங்கலாம். அதன்பின் இறங்குவது அரிது. 'வளர வளர இறங்கிடும்' என்று பள்ளிக்கூடம் போகும் வயதுவரை விட்டுவிடாதீர்கள். ஒன்று, ஒன்றரை வயதுக்குள் ஆபரேஷன் முடிந்துவிட வேண்டும். தாமதித்தால் பிற்காலத்தில் குழந்தைப்பேறு பாதிக்கலாம், புற்றுநோய் வாய்ப்பும் கூடும்.

பிறந்த குழந்தைக்கு விதைப்பையில் நீர் கோர்த்திருந்தால் பதற வேண்டாம். பெரும்பாலும் ஒன்றிரண்டு வயதுக்குள் வற்றிவிடும். ஊசி குத்தி நீரை எடுக்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். அழும்போது தொடை இடுக்கில் புடைத்துத் தூங்கும்போது மறைவது குடலிறக்கம். அது தானாகச் சரியாகாது, சீக்கிரமே ஆபரேஷன் செய்தாக வேண்டும். அந்தப் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, குழந்தை அழுது வாந்தி எடுத்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே கிளம்புங்கள்.