ஏரியில இருந்து அஞ்சு கிலோமீட்டர் தள்ளி வீடு கட்டினா ஏரித் தண்ணிக்கு என்ன ஆகும்?

நீர்பிடிப்புப் பகுதியில லேஅவுட் போடக்கூடாதுன்னு ஒரு ஊர்ல ரூல் வந்தா உடனே வர்ற கேள்வி, நாங்க என்ன ஏரிக்குள்ளயா கட்றோம், எங்கயோ தள்ளித்தானே கட்றோம்ங்கிறது. நியாயமான கேள்விதான். ஆனா ஏரிங்கிறது அந்தக் கரைக்குள்ள நிக்கிற தண்ணி மட்டும் இல்ல, எந்தெந்த மேட்டுல விழுற மழை சரிஞ்சு அங்க வந்து சேருதோ அவ்வளவு நிலமும் ஏரியோட கணக்குலதான் வரும்.

காடோ புல்வெளியோ இருக்கிற நிலத்துல மழை பெஞ்சா பெரும்பகுதி மண்ணுக்குள்ள இறங்கிடும், இல்லன்னா செடிகொடி குடிச்சு ஆவியா போயிடும். மேல ஓடுறது சுமாரா 10%தான்னு அமெரிக்க சுற்றுச்சூழல் பாதுகாப்பு ஏஜென்சி ஒரு பொதுவான கணக்கு சொல்லுது, அதே இடம் முக்கால்வாசிக்கு மேல கான்கிரீட்டும் தாருமா ஆயிட்டா 55% மேலயே ஓடிடுமாம். 100 சதுர மீட்டர் கூரை மேல 50 மில்லிமீட்டர் மழை பெஞ்சா 5,000 லிட்டர், ஒரே ஒரு வீட்டுக் கூரை, ரோடு, வாசல், கார் நிறுத்துற இடம் எல்லாம் தனி. மண்ணுக்குள்ள இறங்கின தண்ணி இருக்கே, அது மெதுவா நகர்ந்து வாரக்கணக்குல மாசக்கணக்குல கழிச்சு ஓடையில கசிஞ்சு வரும், மழை நின்னு ரொம்ப நாளாகியும் ஓடை வத்தாம ஓடுறது அதனாலதான். மேல தார் போட்டு மூடிட்டா மழையன்னைக்கு வெள்ளம், கோடையில வெறும் கல்லு.

அளவு ஒரு பக்கம், தரம் இன்னொரு பக்கம். மண்ணு வழியா வர்ற தண்ணிய மண்ணே வடிகட்டிடுது, நுண்ணுயிர்ங்க கிருமியத் தின்னுடும், பாஸ்பரஸ் மண்துகள்ல ஒட்டிக்கும். ரோட்டு மேல ஓடுற தண்ணிக்கு இந்த பாக்கியம் இல்ல, ஆயில், டயர் தூள், நாய்க் கழிவு, தோட்டத்துக்குப் போட்ட உரம் எல்லாத்தையும் வாரிக்கிட்டு நேரா ஓடைக்குப் போகுது. வேகமா வர்ற தண்ணி ஓடையோட கரையவே அறுத்து மண்ணையும் சேர்த்து அள்ளிட்டு வரும். வீடு கட்டிட்டு இருக்கிற சமயம் இன்னும் மோசம், தோண்டிப் போட்ட மண்ணு ஒரு நல்ல மழையில மொத்தமா கீழ போயிடும்.

ஏரிக்கு வந்த பாஸ்பரஸ் பாசிக்கு விருந்து, நல்ல தண்ணியில பாசி வளராம இழுத்துப் பிடிக்கிறது பெரும்பாலும் பாஸ்பரஸ் பத்தாக்குறைதான். பாசி பெருகிச் செத்து அழுகுறப்போ ஆக்சிஜன் கொறையும், நீலப்பச்சைப்பாசில சில வகை விஷத்தையே உண்டாக்கும். சரி குளோரின் போட்டுக்கலாம்னா, தண்ணியில கரைஞ்சிருக்கிற இந்த கரிமக் கழிவோட குளோரின் சேர்ந்து ட்ரைஹாலோமீத்தேன்னு உடம்புக்கு ஆகாத வேற ஒண்ணு உருவாகுது, அதையும் கட்டுக்குள்ள வைக்கணும். செப்டிக் டேங்க் கதை தனி, அதுல இருந்து வர்ற நைட்ரேட்ட மண்ணால பிடிச்சு வைக்க முடியாது, தண்ணியோடயே போயிடும். குடிதண்ணியில லிட்டருக்கு 50 மில்லிகிராம் நைட்ரேட்டுக்கு மேல வேணாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்றது முக்கியமா கைக்குழந்தைங்களுக்காக.

எவ்வளவு கட்டினா கெடும்? 1994ல டாம் ஷூலர்ங்கிறவர் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, நீர்பிடிப்பு நிலத்துல 10% கான்கிரீட்டும் தாருமா மூடினாலே ஓடை பலவீனமாக ஆரம்பிக்குது, 25% தாண்டினா பழைய நிலைக்குக் கொண்டு வர்றது ரொம்ப கஷ்டம்னு எழுதினாரு. 10ங்கிறது கோடு போட்ட மாதிரி இல்ல, 9ல எல்லாம் நல்லா இருக்கும்னு அர்த்தம் இல்ல. ஆனா எவ்வளவு சின்ன எண்ணுன்னு பாருங்க.

இங்கதான் நிறைய ஊர்கள் சறுக்குது. வீடுகளைக் குறைக்கணும்னு சொல்லி ஒரு ஏக்கருக்கு ஒரு வீடுதான்னு ரூல் போடுவாங்க, கேக்க பசுமையா இருக்கும். அமெரிக்க இன்ஜினியர்கள் வழக்கமா வச்சுக்கிற கணக்குப்படி அந்த மாதிரி மனையில 20% நிலம் மூடியிருக்கும், ஒரு ஏக்கர்ல எட்டு வீடுன்னா 65%. எட்டு வீடு எட்டு ஏக்கர்ல பரவினா மூடுறது 1.6 ஏக்கர், ஒரே ஏக்கர்ல நெருக்கிக் கட்டினா 0.65 ஏக்கர், மிச்சம் ஏழு ஏக்கர் தொடாம இருக்கும். மனை பெருசானா ரோடும் நீளுது, அவ்வளவுதான் விஷயம். அதனால என்னைக் கேட்டா வீட்டை எண்றத விட்டுட்டு எந்த நிலத்தை அறவே தொடக்கூடாதுன்னு முதல்ல முடிவு பண்ணணும், ஓடைக்கரை, சரிவு, சதுப்பு இதெல்லாம், அப்புறம் வர்ற வீடுகளை தண்ணி ஏரிக்கு வராத பக்கமா நெருக்கமா கட்ட விடணும்.

ஹைதராபாத்ல உஸ்மான் சாகர், ஹிமாயத் சாகர்னு ரெண்டு குடிதண்ணி ஏரியையும் காப்பாத்த 1996ல அரசாணை 111 போட்டு 10 கிலோமீட்டருக்குள்ள பெரிய குடியிருப்பு, மாசு பண்ற தொழிற்சாலை எதுவும் கூடாதுன்னாங்க, 2022ல அந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்தி ஆணை வந்துச்சு. தடை போடுறது ஒரு நாள் வேலை, அதை தாங்கி நிக்கிறதுதான் பாடு, ஏன்னா நிலம் வச்சிருக்கிறவன் மேல, தண்ணி குடிக்கிறவன் கீழ.

நியூயார்க்ல ஒரே ஊருக்குள்ளயே ரெண்டு விதமும் பாக்கலாம். நகரத்துக்குப் பக்கத்துல வீடுகள் பெருகிப்போன குரோட்டன் பகுதித் தண்ணிக்கு 300 கோடி டாலருக்கு மேல செலவு பண்ணி ஃபில்டர் பிளான்ட் கட்டி 2015ல ஓட்ட வேண்டியதாச்சு, தூரத்துல இருக்கிற கேட்ஸ்கில், டெலவேர்ங்கிற நீர்பிடிப்புப் பகுதித் தண்ணி இன்னைக்கும் ஃபில்டர் இல்லாமதான் வருது, குளோரினும் அல்ட்ரா வயலட்டும் மட்டும். 1997ல மேல இருக்கிற ஊர்களோட ஒப்பந்தம் போட்டாங்க, ஓடையில இருந்து 100 அடிக்குள்ளயும் நீர்த்தேக்கத்துல இருந்து 300 அடிக்குள்ளயும் புதுசா தரையை மூடுறதுக்கு பெரும்பாலும் தடை, ஆனா கூடவே பழுதான செப்டிக் டேங்க சரி பண்ண நகரமே பணம் குடுக்குது, விக்க விருப்பப்படுறவங்ககிட்ட மட்டும் நிலத்தை வாங்குது, வாங்கின நிலத்துக்கு அந்தந்த ஊருக்கு சொத்து வரியும் கட்டுது.