குஞ்சு விட வேண்டாம், கோரையை விடுங்கள்

மழை பிடித்துக் குளங்களுக்குத் தண்ணீர் வர ஆரம்பித்தால் எனக்குப் போன் வரும். "சார், எங்க குளத்துக்குத் தண்ணி வந்துடுச்சுங்க. பத்தாயிரம் மீன்குஞ்சு விடலாம்னு இருக்கோம், எங்கீங்க வாங்கறது?" கேட்பவர்கள் பெரும்பாலும் கோவைப் பக்கம் நொய்யல் ஆற்றோரத்து ஊர்களில் குளம் தூர்வாரும் இளைஞர்கள். ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விட்டுவிட்டுச் சேற்றில் இறங்குகிறவர்கள். மீன்வளத் துறையில் இருபது வருடமாக வேலை செய்கிறவன் என்ற முறையில் அவர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான். குஞ்சு விட வேண்டாம். நம் குளங்கள் வாய்க்காலால் ஒன்றோடொன்று கோத்தவை. மேல்குளத்துக் கலிங்கல் வழிந்தால் தண்ணீரோடு மீனும் கீழே இறங்கும். வந்த மீன் தங்க இடம் இருக்கிறதா என்பதைத்தான் நாம் பார்க்க வேண்டும்.

பேரூருக்கு மேற்கே ஒரு குளம். சில வருடங்களுக்கு முன் அந்த ஊர் இளைஞர்கள் அதன் கரையில் சீமைக் கருவேலத்தை எடுக்க ஜேசிபி கொண்டுவந்தார்கள். கருவேலத்தோடு சேர்த்துக் கோரை, நாணல் எல்லாம் வழித்துப் போட்டாகிவிட்டது. கரை சிமெண்டுத் தரை மாதிரி சுத்தமாக இருந்தது. நானும் பாராட்டிவிட்டுத்தான் வந்தேன், அது என் தவறு. அடுத்த வருடம் வலை போட்டுப் பார்த்தால் வந்ததெல்லாம் ஜிலேபி மீன் (திலேப்பியா). விரால் ஒன்றுகூட இல்லை.

காரணம் அந்தக் கரைதான். விரால் ஆழமில்லாத ஓரத் தண்ணீரில், கோரைக்கு நடுவே வட்டமாகக் கொஞ்சம் இடம் ஒதுக்கி முட்டையிடும். முட்டை மிதக்கும், தாயும் தகப்பனும் காவல் இருக்கும். பொரித்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் நூற்றுக்கணக்கில் ஒரே திரளாகச் சுற்றும். காற்றுக் குடிக்க மேலே வரும்போது, அந்த இடத்தில் மட்டும் தூறல் விழுவது போலத் தண்ணீர் சிலிர்க்கும். கொஞ்சம் கீழே பெரிய மீன் நிற்கும். அந்தக் குளத்தில் சின்ன வயதிலிருந்து வலை வீசும் பெரியவர் ஒருவர் சொன்னார்: "அது புள்ளைகள மேய்க்குதுங்க. அப்பப் போயி தாயைப் புடிச்சா அத்தனையும் அடுத்த மீனுக்கு இரையாயிருமுங்க."

ஜிலேபிக்கு இந்தக் கோரையெல்லாம் தேவையே இல்லை. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவந்த மீன் அது. ஆண் வெறும் தரையில் குழி பறிக்கும், பெண் முட்டையை வாயிலேயே வைத்து அடைகாக்கும். நாம் வழித்துக் கொடுத்த மொட்டைத் தரை அதற்கு வசதியாகப் போய்விட்டது.

ஆற்றிலும் இதே கதைதான். அயிரை மணலுக்குள் புதைந்து வாழ்கிற மீன். மணலை அள்ளிவிட்டால் அது எங்கே போகும்? ஆரலுக்குக் கல்லிடுக்கும் மர வேரும் வேண்டும். வெள்ளிங்கிரிப் பக்கம் மழை பெய்து ஆனி, ஆடியில் புதுத்தண்ணீர் வரும்போது கெண்டைகள் முட்டையிட எதிரேறும். செங்குத்தான தடுப்பணை வந்தால் அங்கேயே முட்டி நிற்கும். தாழ்ந்த தடுப்பணையாக இருந்தால் அதன் கீழ்ப்பக்கம் பெரிய கற்களை அடுக்கிச் சரிவாக்கலாம், ஏறிவிடும். நீர்வளத்துறையின் அனுமதி கட்டாயம் வேண்டும். அப்புறம், சாக்கடை கலக்கிற இடத்தில் இதெல்லாம் பலிக்காது. விரால் காற்றைக் குடித்துப் பிழைத்துக்கொள்ளும், கெண்டையால் முடியாது.

நல்ல எண்ணத்தில் விட்ட குஞ்சு என்ன செய்யும் என்பதற்குக் காவிரியே சாட்சி. ஆளுயரம் வளரும் திமில் மகாசீர் காவிரிக்கே உரிய மீன். 1970-களிலிருந்து, பண்ணையில் பொரிக்க வைத்த நீலத்துடுப்பு மகாசீரைக் காவிரியில் விட்டார்கள். மகாசீரைக் காப்பாற்றுகிறோம் என்றே விட்டார்கள். அது பெருகியது, திமில் மகாசீர் அருகிப்போனது. 2018-இல் அழிவின் விளிம்பில் இருக்கும் இனமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது மிஞ்சியிருக்கும் ஒருசில இடங்களில் ஒன்று, பவானிசாகருக்கு வந்து சேரும் நம் மாயாறு. வெடி போட்டு மீன் பிடிப்பதை எங்கே பார்த்தாலும் தயவுசெய்து உடனே வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

சரி, அந்தக் குளத்துக்கு வருகிறேன். அதே இளைஞர்கள் மேல்குளத்திலிருந்து கோரைக் கிழங்கைச் சாக்கில் கொண்டுவந்து, கிழக்குக் கரையில் முழங்கால் தண்ணீரில் நட்டார்கள். கருவேலம் முளைத்தால் கையால் பிடுங்கினார்கள். நடுவில் ஒரு பள்ளத்தை, கோடையில் மீன் ஒதுங்கட்டும் என்று ஆழமாக விட்டார்கள். ஆகாயத்தாமரையை மட்டும் விடாமல் எடுத்தார்கள். இரண்டு வருடம் வலையில் பெரிதாக ஒன்றும் மாறவில்லை. குஞ்சு விட்டுவிடலாம் என்று சிலர் மறுபடி கேட்கவும் செய்தார்கள்.

போன ஐப்பசியில் ஒருநாள் விடியற்காலை பெரியவர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கோரைக்கும் கரைக்கும் நடுவே தண்ணீர் சிலிர்த்துக்கொண்டிருந்தது. செம்மஞ்சள் திரள், அதற்கு ஒரு முழம் கீழே கருத்த முதுகு. அன்றைக்கு அவர் வலையை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்குப் போய்விட்டார்.