மலிவு விலை டிவிடி பிளேயர்: கடையிலேயே சோதித்து வாங்க வேண்டியவை

டிவிடி பிளேயரின் காலம் முடிந்துவிட்டது என்று பேசப்பட்டாலும், எங்கள் பழுதுபார்க்கும் மேசைக்கு அது வருவது இன்னும் நிற்கவில்லை. திருமணம், மஞ்சள் நீராட்டு விழா, மறைந்துவிட்ட பெரியவர்கள் நடமாடும் ஒரே பதிவு என்று வட்டில் மட்டுமே இருப்பவை பல வீடுகளில் உள்ளன. பழைய பிளேயர் நின்றுபோனதும், இதற்குப் போய் எதற்கு அதிகம் செலவழிப்பது என்று கடையில் இருப்பதிலேயே விலை குறைந்த ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அதில் தவறு ஏதுமில்லை. மீடியாடெக் நிறுவனத்தின் எம்டி1389 வரிசைச் சிப்பை வைத்தே எத்தனையோ பெயர்களில் மலிவு பிளேயர்கள் வந்திருக்கின்றன; வட்டில் சுருக்கிப் பதிந்த படத்தை விரித்துத் தரும் வேலையில் அவற்றுக்குள் பெரிய ஏற்றத்தாழ்வு கிடையாது. விலையைக் குறைப்பதற்காகப் பெரும்பாலும் கைவைக்கப்படுபவை இரண்டு: வட்டைப் படிக்கும் லென்ஸ் பகுதியும், மின்சாரம் தரும் போர்டும். பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் வண்ண ஸ்டிக்கர்கள் இவ்விரண்டைப் பற்றியும் வாய் திறப்பதில்லை.

லென்ஸ் என்று நாம் சொல்வது உண்மையில் ஒரு சிறு தொகுதி. டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசரும், சிடி மற்றும் விசிடிக்கு 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரும் அதில் தனித்தனியாக இருக்கின்றன. பாட்டு சிடி ஒழுங்காக ஓடும், டிவிடி போட்டால் மட்டும் 'நோ டிஸ்க்' என்று வரும் என்னும் புகாருக்கு, சிவப்பு லேசர் வலுவிழந்ததே பெரும்பாலும் காரணம். இந்த நிலையில் லென்ஸின் பக்கவாட்டில் இருக்கும் சிறு பிரீசெட்டை ஸ்க்ரூடிரைவரால் சற்றே திருப்பி, லேசருக்குச் செல்லும் மின்னோட்டத்தைக் கூட்டிக் கொடுத்துவிடும் வழக்கம் நம் தொழிலில் உண்டு. படம் உடனே வரும். ஆனால் லேசரின் மிச்ச ஆயுள் வேகமாகக் கரைந்துவிடும். பழைய பிளேயரைச் சர்வீஸ் செய்தது என்று சொல்லி மலிவாகத் தருபவரிடம், லென்ஸ் மாற்றப்பட்டதா, பிரீசெட் திருப்பப்பட்டதா என்று நேராகவே கேட்டுவிடுவது நல்லது.

கடைக்காரர் போட்டுக் காட்டும் வட்டு கீறலற்ற, ஆலையில் அச்சான புதிய வட்டாகத்தான் இருக்கும். அதை ஏறக்குறைய எந்தப் பிளேயரும் படித்துவிடும். ஆகவே வீட்டிலிருந்து வட்டுகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். முதலாவது, கணினியில் எழுதப்பட்ட உங்கள் திருமண டிவிடி. இவ்வகை வட்டில் பதிவு சாய அடுக்கில் இருப்பதால், சாயம் மங்க மங்க லேசருக்கு அதைப் படிப்பது கடினமாகிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, மணமக்கள் படத்தைக் காகிதத்தில் அச்சிட்டு வட்டின் மேல் ஒட்டியிருப்பார்கள். காகிதம் சற்றே ஓரம் சாய்ந்து ஒட்டப்பட்டிருந்தாலும் வட்டு சுழலும்போது அதிர்ந்து, படம் கட்டி கட்டியாக உடையும். இரண்டாவது, 8.5 ஜிபி கொண்ட இரட்டை அடுக்குத் திரைப்பட டிவிடி. முதல் அடுக்கிலிருந்து இரண்டாவதற்கு மாறும் இடத்தில் ஒரு நொடி தயங்கினால் அது இயல்பு. அங்கேயே நின்றுவிட்டால் அந்தப் பிளேயரை வாங்க வேண்டாம். மூன்றாவது, கீறல் விழுந்த ஒரு பழைய விசிடி.

போட்டவுடன் படம் வந்துவிட்டது என்று திருப்தியடைந்துவிடக் கூடாது. ஒற்றை அடுக்கு வட்டு உள் வட்டத்திலிருந்து வெளியோரம் நோக்கிப் படிக்கப்படுகிறது. வளைவும் அதிர்வும் அதிகமாகத் தெரிவது வெளியோரத்தில்தான். எனவே ரிமோட்டில் அடுத்த அத்தியாயத்துக்கான பொத்தானை அழுத்திக்கொண்டே போய், நிறையப் பதிவு உள்ள ஒற்றை அடுக்கு வட்டின் கடைசிப் பத்து நிமிடங்களைப் பாருங்கள். லென்ஸை நகர்த்தும் மோட்டாரின் தரம், டிரேயின் தள்ளாட்டம், வட்டைச் சுழற்றும் மோட்டாரின் சீர் எல்லாம் அந்தப் பத்து நிமிடத்தில் வெளிப்பட்டுவிடும்.

மின்சாரப் பகுதியைக் கடையில் திறந்து பார்க்க விடமாட்டார்கள் என்பது உண்மைதான். ஆனால் பின்புறம் எழுதியிருப்பதைப் படிக்கலாம். 100 முதல் 240 வோல்ட் வரை என்று குறிக்கப்பட்டிருப்பது, மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் ஊர்களில் தாக்குப்பிடிக்கும். வெறும் 220 வோல்ட் என்று மட்டும் போட்டிருப்பதை அங்கே நம்ப முடியாது. டிஸ்பிளே மினுமினுத்து அணைவது, தானாகவே மீண்டும் தொடங்குவது போன்ற பழுதுகளோடு வரும் பிளேயரைத் திறந்தால், பல சமயம் 5 வோல்ட் வழியில் உள்ள கெப்பாசிட்டரின் (மின்னூட்டத்தைத் தேக்கும் சிறு உருளை) தலை உப்பியிருக்கும். தரம் குறைந்த கெப்பாசிட்டர்கள் வெப்பத்தில் விரைவாக வீங்குகின்றன. சில ரூபாயில் சரிசெய்துவிடக்கூடிய இந்தப் பழுதுக்காகப் பிளேயரையே தூக்கி எறிந்தவர்கள் உண்டு.

பிளேயரின் தகர உடலைத் தொட்டால் விரலில் கிச்சுகிச்சு மூட்டுவது போல மின்சாரம் தெரிகிறது என்று பலர் கேட்கிறார்கள். இரண்டு முள் பிளக் உள்ள சாதனங்களில், மின் இரைச்சலை வடிகட்டப் போடும் ஒய் வகைக் கெப்பாசிட்டர் வழியாக மிகச் சிறு கசிவு வருவது உண்டு. உரிய வகைக் கெப்பாசிட்டர் போட்டிருந்தால் அது ஆபத்தில்லை. அந்த இடத்தில் சாதாரணக் கெப்பாசிட்டரைப் போட்டுக் காசு மிச்சம் பிடித்திருந்தால், அது ஷார்ட் ஆகும் நாளில் வீட்டு மின்சாரம் முழுவதும் பிளேயரின் தகர உடலுக்கும், டிவிக்குப் படமும் ஒலியும் கொண்டுசெல்லும் ஏவி ஒயருக்கும் வந்துவிடலாம். சுரீரென்று அடிக்கும் பிளேயரை மேலும் பயன்படுத்தாமல் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். ஏவி ஒயரை மாட்டும்போதும் கழற்றும்போதும் இரு சாதனங்களின் பிளக்கையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு.

இணைப்புகளில் பார்க்க வேண்டியது உங்கள் டிவியைத்தான். புதிய டிவிகள் பலவற்றில் மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் இல்லை. எச்டிஎம்ஐ மட்டும் இருந்தால் எச்டிஎம்ஐ உள்ள பிளேயரையே வாங்குங்கள். அதில் 1080 என்று பெரிதாக எழுதியிருப்பதை நம்பிக் கூடுதல் விலை தர வேண்டாம். நம் ஊரின் பால் (PAL) என்னும் டிவி முறையில் வரும் டிவிடியில் உள்ள படம் 720×576 புள்ளிகள்தான், விசிடியில் 352×288. இல்லாத நுணுக்கத்தைப் பிளேயர் உண்டாக்க முடியாது. வெளிநாட்டு உறவினர் வட்டு அனுப்புவதுண்டு என்றால், மண்டலப் பூட்டு, அதாவது வேறு மண்டல எண் கொண்ட வட்டை ஓடவிடாத தடை, இல்லாததாகப் பார்த்து வாங்குங்கள். மண்டல எண்கள்: இந்தியா 5, சிங்கப்பூர் 3, அமெரிக்கா 1.

யூஎஸ்பி துளை இருக்கிறது என்று வாங்குபவர்களும் ஏமாறுகிறார்கள். மலிவு பிளேயர்களின் யூஎஸ்பி பழைய ஏவிஐ கோப்புகளையும் எம்பி3 பாட்டையும் ஓட்டும்; செல்போனில் எடுத்த வீடியோ பெரும்பாலும் ஓடாது.

பழுது என்று வருவனவற்றில் பழுதே இல்லாதவையும் உண்டு. பாட்டு உரக்கக் கேட்கிறது, வசனம் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருகிறது என்பார்கள். பிளேயரின் செட்டிங்கில் 5.1 (ஆறு ஸ்பீக்கர்களுக்கான ஒலி) என்று இருக்க, டிவிக்கு இரண்டு ஒயர் மட்டும் சென்றால், நடு ஸ்பீக்கருக்கு உரிய வசனம் போய்ச் சேர இடமில்லை. பல ஸ்பீக்கர் ஒலியை ஒன்றுசேர்க்கும் டவுன்மிக்ஸை ஸ்டீரியோ என்று மாற்றினால் சரியாகிவிடும். அதேபோல், குழந்தைகள் ரிமோட்டில் படம் அனுப்பும் முறையை மாற்றும் பி-ஸ்கேன் பொத்தானை அழுத்திவிட்டால் சாதாரண ஏவி வழியில் படம் உடைந்தோ காணாமலோ போகும்; வட்டை எடுத்துவிட்டு அதே பொத்தானைச் சில முறை அழுத்திப் பார்த்த பிறகு சர்வீஸுக்குக் கொண்டுவந்தால் போதும்.

விலை பேசுவதற்கு முன், உள்ளே இருக்கும் லென்ஸின் எண் என்ன என்று கேளுங்கள். சோனியின் கேஎச்எம்-313, சான்யோவின் எச்டி65 போன்ற பரவலான லென்ஸ்கள் சென்னை ரிச்சி தெரு போன்ற சந்தைகளில் விற்கப்பட்டு வருபவை. பெயர் தெரியாத லென்ஸ் போனால் பிளேயரும் கூடவே போகும். வாரண்டி அட்டையில் லென்ஸ் அடங்குமா என்பதையும், சூடேறியபின் படம் உறைந்து நின்றால் ஒரு வாரத்துக்குள் மாற்றித் தருவார்களா என்பதையும் வாய்மொழியாக விடாமல் பில்லிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.