தக்காளியை நறுக்கும் எஃகு ஏன் மழுங்குகிறது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “நல்ல எஃகு என்று சொல்லித்தான் கத்தியை விற்றார்கள். நான் எலும்பெல்லாம் வெட்டுவதில்லை, காய்கறி மட்டும்தான். சில மாதங்களிலேயே தக்காளித் தோலில் வழுக்குகிறது. காய்கறியை நறுக்கி எஃகு தேயுமா, அல்லது ஏமாந்துவிட்டேனா?”

ஏமாறவில்லை. எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய கத்தியும் மழுங்கத்தான் செய்யும். ஆனால் கேள்வியில் ஒரு நியாயமான புதிர் இருக்கிறது. கடினமான பொருள்தான் மென்மையானதைத் தேய்க்கும் என்று பள்ளியில் படித்தோம். தக்காளியின் தோல் எஃகை எப்படித் தேய்க்கிறது? உலோகவியலாளர்களுக்கே இது நெடுநாள் உறுத்தலாக இருந்தது. விடையின் முக்கியமான ஒரு பகுதி கிடைத்தது 2020-இல்தான்.

முதலில் கூர்மை. கத்தியின் இரண்டு சரிவுகளும் சந்திக்கும் விளிம்பு எவ்வளவு மெல்லியது என்பதுதான் கூர்மை. நன்றாகத் தீட்டிய சமையலறைக் கத்தியில் அது ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இனிக் கணக்கு எளிது. ஒரு கிலோ எடையைத் தூக்கும் அளவு விசையை, அதாவது சுமார் 10 நியூட்டனை, ஐந்து சென்டிமீட்டர் நீள விளிம்பின் மீது செலுத்துங்கள். பரப்பு அவ்வளவு சிறியதாக இருப்பதால் அழுத்தம் 20 கோடி பாஸ்கலை எட்டுகிறது. காற்று நம்மை அழுத்துவதைப் போல ஏறத்தாழ இரண்டாயிரம் மடங்கு. விளிம்பு பத்து மைக்ரானாகத் தடித்துவிட்டால் அதே கை, அதே விசை, ஆனால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு. அதை ஈடுகட்டக் கை கூடுதலாக அழுத்துகிறது, கத்தி வழுக்குகிறது, விரல் அகப்படுகிறது. மழுங்கிய கத்திதான் ஆபத்து என்று சமையல்காரர்கள் சொல்வதன் பொருள் இதுதான்.

வெங்காயமும் இதற்குச் சாட்சி. மழுங்கிய விளிம்பு வெங்காயத்தின் மேல்தோலை முதலில் அமுக்குகிறது. உள்ளே அழுத்தம் சேர்கிறது. தோல் கிழிந்ததும் சாறு துளித்துளியாகப் பீய்ச்சி அடிக்கிறது. கார்னெல் பல்கலைக்கழகத்தார் இதை அதிவேகக் கேமராவில் படம்பிடித்து 2025-இல் வெளியிட்டார்கள். கத்தி மழுங்க மழுங்கத் துளிகளின் எண்ணிக்கையும் கூடுகிறது, வேகமும் கூடுகிறது. கண்ணீருக்கு வெங்காயத்தை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை.

இனி அந்த 2020 ஆய்வுக்கு வருவோம். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஜெம் தாசானின் ஆய்வுக்கூடத்தில் ஜியான்லூகா ரோஷோலி என்ற மாணவர் இருந்தார். சவர பிளேடு எஃகு, முடியைவிட ஏறத்தாழ 50 மடங்கு கடினமானது. அப்படியும் சில சவரத்திலேயே பிளேடு வீணாகிறதே, ஏன்? அவர் தம் சொந்தத் தாடியை மழித்து, ஒவ்வொரு முறையும் பிளேடின் விளிம்பை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார். விளிம்பு சீராகத் தேய்ந்து உருண்டு போயிருக்கும் என்பதுதான் பொதுவான எதிர்பார்ப்பு. அவர் கண்டது வேறு: விளிம்பில் ஆங்காங்கே சில்லு சில்லாகப் பெயர்ந்த குழிகள். எஃகு அங்கே தேயவில்லை, உடைந்திருந்தது.

அடுத்து, நுண்ணோக்கிக்குள்ளேயே பொருந்தும் ஒரு குட்டிச் சவர எந்திரத்தைக் கட்டி, முடியைப் பல கோணங்களில் வெட்டிப் பார்த்தார்கள். பிளேடு முடியை நேர் செங்குத்தாக வெட்டும்போது விளிம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முடி வளைந்து சாய்வாக வெட்டுப்படும்போதுதான் சில்லு பெயர்ந்தது. அப்போதும் எல்லா இடத்திலும் இல்லை. எந்த இடத்தில் என்பதற்கான விடைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைப் புரிந்துகொள்ள எஃகுக்குள் இறங்க வேண்டும்.

எஃகு என்பது இரும்போடு சிறிது கார்பன். அறை வெப்பநிலையில் இரும்பணுக்கள் கட்டிக்கொள்ளும் கனசதுரக் கூடுகளுக்குள் கார்பனுக்கு இடம் மிகக் குறைவு. செந்தணலாகக் காய்ச்சினால் அணுக்கள் வேறு விதமாக அடுக்கிக்கொள்கின்றன. அந்த அடுக்கில் உள்ள இடைவெளிகள் சற்றுப் பெரியவை, கார்பன் தாராளமாக நுழைந்துகொள்கிறது. மெல்ல ஆறவிட்டால் கார்பன் மெதுவாக வெளியேறித் தனியே போய்ச் சேர்ந்துகொள்ளும். எஃகு மென்மையாகவே இருக்கும். காய்ச்சிய எஃகைச் சட்டென்று எண்ணெயில் முக்கினாலோ, நாற்காலி விளையாட்டில் பாட்டு திடீரென்று நின்ற கதைதான். கார்பனுக்கு வெளியேற நேரமில்லை. இரும்பு பழைய அடுக்குக்குத் திரும்ப முயல்கிறது, நடுவில் கார்பன் மாட்டிக்கொண்டிருக்கிறது, கனசதுரக் கூடு ஒரு பக்கமாக நீண்டு விறைக்கிறது. இந்த விறைத்த எஃகுக்கு மார்ட்டன்சைட் என்று பெயர். ஜெர்மன் உலோகவியலாளர் அடோல்ஃப் மார்ட்டன்ஸின் நினைவாக வந்தது. உலோகம் வளைவதென்றால் அணுவரிசைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க வேண்டும். விறைத்த கூடு அதற்கு விடுவதில்லை. கத்தியின் கடினம் முழுவதும் இந்த நெருக்கடியில் பிறந்ததுதான்.

முக்கி எடுத்த எஃகை அப்படியே கத்தியாக்க முடியாது; கீழே விழுந்தாலே விரிசல் விட்டுவிடும். எனவே 150 முதல் 250 டிகிரி வரை மீண்டும் சூடேற்றி ஒன்றிரண்டு மணி நேரம் வைத்துப் பதப்படுத்துகிறார்கள். கொஞ்சம் கடினத்தை விற்றுக் கொஞ்சம் தாங்குதிறனை வாங்கும் வியாபாரம் இது. இதன் முடிவில் கிடைக்கும் எஃகு நம் கண்ணுக்கு ஒரே சீரான பளபளப்பு. நுண்ணோக்கியில் அப்படி இல்லை: மென்மை கூடிய திட்டுகள், கடினம் கூடிய திட்டுகள், அவற்றுக்கிடையே எல்லைகள். ஒரு மைக்ரான் விளிம்பில் இந்தத் திட்டுகளே பெரிய நிலப்பரப்புகள்.

சாய்ந்த முடி பிளேடின் ஒரு பக்கத்தைத் தள்ளுகிறது. மென்மையான திட்டு வளைந்து கொடுக்கிறது, பக்கத்துக் கடினமான திட்டு மறுக்கிறது. இரண்டுக்கும் நடுவிலுள்ள எல்லையில் தகைவு, அதாவது எஃகுக்குள் எழும் இறுக்கம், குவிகிறது. அங்கே விரிசல் பிறந்து சில்லு பெயர்கிறது. சாய்வான கோணம், சீரற்ற எஃகு, முடி வந்து மோதும் இடம் அந்த எல்லையாக அமைவது என மூன்றும் ஒன்றுகூடினால் 50 மடங்கு மென்மையான பொருளும் எஃகை உடைத்துவிடும். சராசரிக் கடினத்தை வைத்துப் போட்ட பள்ளிக் கணக்கு தவறியது இங்கேதான்.

தாடி மழிப்பதற்கு எலக்ட்ரான் நுண்ணோக்கியா என்று சிரிப்பவர்கள் உண்டு. ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கும் குழுக்களிலும் அவர்கள் இருக்கிறார்கள் என்பதுதான் வருத்தம். தலைப்பைப் படித்துவிட்டு நிதியை வெட்டுகிறவர்களால் எத்தனை நல்ல கேள்விகள் பிறக்காமலே போயின என்பதற்குக் கணக்கில்லை.

ஆய்வு நடந்தது சவர பிளேடில். ஆனால் துருப்பிடிக்காத சமையலறைக் கத்திகளில் பெரும்பாலானவையும் இதே மார்ட்டன்சைட் குடும்பம்தான். அவற்றின் விளிம்பும் பக்கவாட்டு விசைக்கு அஞ்சுகிறது. கத்தியில் இன்னொரு சேதமும் சேர்கிறது: மென்மையான எஃகாக இருந்தால் விளிம்பு உடையாமல் ஒரு பக்கமாக மடங்கிப் படுத்துவிடும். பெரும்பாலும் இதைச் செய்வது காய்கறி அல்ல, அதற்கு அடியில் இருக்கும் பலகை. நறுக்கி முடித்ததும் கத்தியை அப்படியே படுக்கவைத்து, கூர்ப்பக்கத்தால் பலகையைச் சுரண்டித் துண்டுகளைத் தள்ளுகிறோமே, அந்த ஒரு அசைவு விளிம்பைத் துல்லியமாகப் பக்கவாட்டில் தள்ளுகிறது. கத்தியைத் திருப்பி முதுகால் தள்ளினால் போதும். பலகை மரமாகவோ பிளாஸ்டிக்காகவோ இருக்கட்டும். கண்ணாடிப் பலகை, கருங்கல் மேடை, பீங்கான் தட்டு ஆகியவை விளிம்புக்கு ஓர் அணுவும் விட்டுக்கொடுப்பதில்லை. கண்ணாடியில் வெட்டுப்பலகை செய்ய யாருக்குத் தோன்றியதோ, அவர் கத்தி பிடித்தவராக இருக்க முடியாது.

மடங்கிய விளிம்பை நிமிர்த்தத்தான் தீட்டும் கம்பி. கத்தியோடு விற்கப்படும் அந்த நீண்ட உருளைக் கம்பியில் சில முறை மெல்ல இழுத்தால் மடங்கியது ஓரளவு நேராகும். பெயர்ந்த சில்லை அது ஒட்டவைக்காது. அதற்குச் சாணைக்கல்தான் வழி: சேதமான எஃகை அரைத்துத் தள்ளிவிட்டுப் புதிய விளிம்பைக் கண்டெடுக்க வேண்டும். 1000 எண் கொண்ட கல் ஒன்றிருந்தால் வீட்டுக்குப் போதும்; கல்லின் துகள் எவ்வளவு நுண்மையானது என்பதைச் சொல்லும் எண் அது. ஒவ்வொரு பக்கமும் 15 முதல் 20 டிகிரி சாய்வு. எந்தக் கோணம் என்பதைவிட அதைக் கடைசிவரை மாற்றாமல் பிடிப்பதுதான் முக்கியம்.

எப்போது நிறுத்துவது என்று கத்தியே சொல்லும். ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே வந்தால், சரிவு விளிம்பை எட்டியதும் எஃகு மெல்லிய பிசிறாக மறுபக்கம் சுருண்டு நிற்கும். கண்ணுக்குத் தெரியாது. விளிம்பின் குறுக்கே, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக விரல்நுனியை மெல்ல இழுத்தால் நெருடும். அடியிலிருந்து முனைவரை அந்த நெருடல் தொடர்ச்சியாக இருந்தால் அந்தப் பக்கம் முடிந்தது. விட்டுவிட்டு இருந்தால் அங்கெல்லாம் கல் இன்னும் விளிம்பைத் தொடவில்லை. பிறகு மறுபக்கம். கடைசியில் மிக லேசான கையால் பக்கம் மாற்றி மாற்றித் தேய்த்துப் பிசிறை உதிர்க்க வேண்டும். பிசிறு உதிராத கத்தி முதல் நாள் அபாரமாக வெட்டும், மறுநாள் ஏமாற்றும்.

கல்லும் வேண்டாம், கையும் வேண்டாம், அட்டையில் பிரமிடு செய்து உள்ளே வைத்தால் பிளேடு தானே கூராகும் என்று ஒருவர் சொன்னார். வேடிக்கை என்னவென்றால் கார்ல் த்ர்பால் என்ற அவருக்குச் செக்கோஸ்லோவாக்கியாவில் 1959-இல் காப்புரிமையே கொடுத்தார்கள். பிரமிடு சக்தி என்று இன்றும் விற்கிறவர்கள் அந்தச் சான்றிதழைத்தான் காட்டுகிறார்கள். காப்புரிமை அலுவலகம் முத்திரை குத்தியதால் பெயர்ந்துபோன எஃகு திரும்பி வந்து ஒட்டிக்கொள்ளாது.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு: ராக்வெல் சி அளவுகோலில் எஃகின் கடினம் என்ன என்று பாருங்கள். ஐரோப்பிய பாணிக் கத்திகள் பெரும்பாலும் 54 முதல் 58 வரை. ஜப்பானியக் கத்திகள் 60-ஐத் தாண்டும். எண் ஏறினால் கூர்மை நீடிக்கும், மெல்லிய கோணத்தையும் தாங்கும். அதே சமயம் சில்லு பெயரும் வாய்ப்பும் கூடும். நிதானமாக நறுக்குகிறவருக்கு 60, அடித்து வெட்டுகிற கைக்கு 56 என்பது என் பரிந்துரை. அலகின் பக்கங்களில் ஓடும் அழகான அலைக் கோடுகளுக்குப் பணம் கொடுப்பது அவரவர் ரசனை. அடுக்கடுக்காகச் செய்த பெரும்பாலான கத்திகளில் வெட்டுவது நடுவிலுள்ள ஒரே ஓர் அடுக்கு. பத்துக் கத்திகள் கொண்ட பெட்டியும் வேண்டாம். 18 அல்லது 20 சென்டிமீட்டரில் ஒன்று, சிறியது ஒன்று. மிச்சப் பணத்துக்குச் சாணைக்கல் வாங்கலாம்.

துருப்பிடிக்காத எஃகு என்ற பெயரை முழுதாக நம்ப வேண்டாம். ஷெஃபீல்டில் ஹாரி பிரயர்லி 1913-இல் வார்த்த எஃகில் குரோமியம் 13 சதவீதத்தை நெருங்கியிருந்தது. இன்றைய கத்திகளிலும் கிட்டத்தட்ட அந்த அளவுதான், சிலவற்றில் சற்றுக் கூடுதல். அந்தக் குரோமியம் காற்றோடு சேர்ந்து சில நானோமீட்டர் தடிமனில் ஓர் ஆக்சைடு படலத்தைப் போர்த்திக்கொள்கிறது. உப்பிலுள்ள குளோரைடு அதைத் துளைக்கும். உப்புப் பட்ட கத்தியை இரவு முழுதும் தொட்டியில் ஊறவிட்டால் காலையில் குத்துப்புள்ளிகளாகத் துரு தெரியும். பாத்திரம் கழுவும் எந்திரத்தின் சூடு எஃகின் பதத்தைக் கெடுக்காது, அவ்வளவு சூடு அதில் இல்லை. ஆனால் உள்ளே கரண்டியோடும் தட்டோடும் மோதுவது விளிம்புதான், அதுவும் பக்கவாட்டில். கையால் கழுவி உடனே துடைத்து, இழுப்பறையில் மற்றவற்றோடு குலுங்கவிடாமல் உறையிலோ மரத் தாங்கியிலோ வையுங்கள். வாசகரின் கத்திக்கு இப்போதைக்குத் தேவை கல்லில் அரை மணி நேரம்.