ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்றால் பள்ளி மாவட்டமா?

போன மே மாதம் எங்கள் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு தமிழ் அறிவிப்பு வந்தது. நாங்கள் இருப்பது டெக்சஸில், டல்லாஸுக்கு வடக்கே. அறிவிப்பு இப்படித் தொடங்கியது: "சுதந்திரப் பள்ளி மாவட்டத்தின் கண்காணிப்பாளர் அடுத்த ஆண்டுக்கான பற்றாக்குறை வரவு செலவுத் திட்டத்தை அறங்காவலர்களிடம் சமர்ப்பித்தார். பத்திரம் குறித்து மாவட்டம் பின்னர் முடிவெடுக்கும்."

ஊரிலிருந்து வந்திருந்த அப்பா அதை இரண்டு முறை படித்தார். "மாவட்டக் கண்காணிப்பாளர்னா எஸ்.பி.தானே? அவர் ஏன் கோயில் அறங்காவலர்கிட்ட கணக்குக் கொடுக்கிறார்? பத்திரம்னு போட்டிருக்கே, எந்த இடத்துப் பத்திரம்?" என்று கேட்டார். முப்பது வருடம் நகராட்சி அலுவலகத்தில் வருவாய்ப் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். அரசாங்கத் தமிழை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர் சரியாகத்தான் படித்தார், தப்பு எழுதப்பட்ட தமிழில் இருந்தது.

அமெரிக்காவில் ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட். அதைப் பெயர்த்த "பள்ளி மாவட்டம்" என்ற சொல்லைப் பல வருடமாகக் கேட்டுக் கேட்டுப் பொறுத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குப் பொறுமை போய்விட்டது.

முதலில் சொல்லின் வேரைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். டிஸ்ட்ரிக்ட் என்பது லத்தீனிலிருந்து பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. இறுக்கிப் பிடித்தல், தடுத்து வைத்தல் என்ற பொருளுள்ள வினைதான் மூலம். ஒரு பிரபுவின் பிடி, அதாவது தண்டிக்கவும் பறிமுதல் செய்யவும் அவருக்குள்ள அதிகாரம், எதுவரை செல்லுமோ அந்த நிலப்பரப்பு டிஸ்ட்ரிக்ட். நாம் அதை முதலில் ஜில்லா என்றோம். அது விலா எலும்பு, பக்கம் என்று பொருள்படும் அரபுச் சொல். பிறகு வட்டத்துக்கு முன்னால் 'மா' சேர்த்து மாவட்டம் ஆக்கினோம். தாலுகா வட்டம், ஜில்லா மாவட்டம். அளவாகப் பொருந்திய நல்ல ஆக்கம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

குறை, அதைக் கொண்டுவந்து இங்கே ஒட்டியதில்தான். தமிழ்நாட்டில் இன்று 38 மாவட்டங்கள். மாவட்டம் என்றதும் நம் மனதில் வருபவர் கலெக்டர். அவரை மாநில அரசு நியமிக்கிறது, மாற்றுகிறது. மாவட்டம் தனக்கென்று சொத்துவரி போடுவதில்லை. மாவட்ட நிர்வாகத்தில் எதுவும் நமக்கு வேண்டுமென்றால் மனு கொடுப்போம். டெக்சஸின் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் இதற்கு நேர் எதிர். அது ஒரு தனி உள்ளாட்சி அமைப்பு. பொதுவாக டிரஸ்டிகள் என்று ஏழு பேரை மக்கள் வாக்களித்து அதன் மன்றத்துக்கு அனுப்புகிறார்கள். அந்த மன்றம் வரி விகிதத்தைத் தீர்மானிக்கிறது, பட்ஜெட்டை நிறைவேற்றுகிறது, மக்கள் ஒப்புக்கொண்டால் கடன் வாங்குகிறது. நகர மேயருக்கு அதன்மேல் அதிகாரம் இல்லை. 'இண்டிபெண்டன்ட் ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்' என்ற முழுப் பெயரில் இருக்கும் 'இண்டிபெண்டன்ட்' அதைத்தான் சொல்கிறது. அதைச் "சுதந்திர" என்று பெயர்ப்பவர்கள் எதிலிருந்து விடுதலை என்று ஒரு நிமிடமாவது யோசித்திருக்க வேண்டும்.

அப்புறம், மாநிலத்தின் நிர்வாகப் பிரிவான கவுன்டி என்ற ஒன்றும் இங்கே இருக்கிறது. டெக்சஸில் 254 கவுன்டிகள். பள்ளிகளுக்கான இந்த அமைப்புகளோ ஆயிரத்துக்கு மேல். கவுன்டியையும் பலர் மாவட்டம் என்றே எழுதுகிறார்கள். டல்லாஸுக்கு வடக்கே உள்ள ஃபிரிஸ்கோவின் பள்ளி அமைப்பு காலின், டென்ட்டன் என்று இரண்டு கவுன்டிகளில் கால் வைத்திருக்கிறது. ஃபிரிஸ்கோ நகரத்தோடு நிற்காமல் பிளேனோ, மெக்கின்னி, லிட்டில் எல்ம் ஆகிய ஊர்களின் சில பகுதிகளும் அதற்குள் வருகின்றன. இதை அந்தத் தமிழில் எழுதினால் "ஃபிரிஸ்கோ மாவட்டம் காலின் மாவட்டத்திலும் டென்ட்டன் மாவட்டத்திலும் பரவியுள்ளது" என்று வரும். படிப்பவருக்கு என்ன புரியும்? பிளேனோ முகவரியில் வீடு வாங்கியவர், தன் பிள்ளை ஃபிரிஸ்கோ பள்ளிக்குப் போக வேண்டும் என்பதை அப்புறம்தான் தெரிந்துகொள்கிறார்.

சரி, "கல்வி மாவட்டம்" என்று சொன்னால் என்ன என்று ஒரு நண்பர் கேட்டார். அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. தமிழ்நாட்டில் அது பள்ளிக் கல்வித்துறையின் நிர்வாகப் பிரிவு, மாவட்டக் கல்வி அலுவலரின் எல்லை. அங்கே தேர்தலும் இல்லை, வரியும் இல்லை. இலங்கையின் கல்வி வலயமும் அப்படியே, மேலிருந்து நிர்வகிக்கப்படுவது. கனடாவில் நம்மவர்கள் சொல்லும் "கல்விச் சபை" இவற்றைவிட எவ்வளவோ மேல். ஆனால் அங்கே ஆங்கிலப் பெயரிலேயே போர்டு இருக்கிறது. இங்கே சபை வேறு, அமைப்பு வேறு. ஆயிரக்கணக்கான ஆசிரியர்களும் பேருந்துகளும் கட்டடங்களும் சேர்ந்த மொத்தத்தைச் சபை என்றால் ஏழு பேரோடு சுருங்கிவிடுகிறது.

அதே நண்பர் இன்னொன்றும் சொன்னார்: நம் ஊரிலும் ஜில்லா போர்டு பள்ளி நடத்தியதே, அப்போது மாவட்டத்துக்கும் பள்ளிக்கும் உறவு இருந்ததே என்று. உண்மைதான். ஆங்கிலேயர் காலத்தில் 1884-லும் 1920-லும் வந்த சென்னை மாகாணச் சட்டங்களின்படி நடந்தவை அந்தப் போர்டுகள். ஆனால் அந்தப் பள்ளியில் படித்த பெரியவர்கள் அதை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். "போர்டு ஸ்கூல்ல படிச்சேன்" என்பார்கள். ஜில்லாவை உதறிவிட்டுப் போர்டைப் பிடித்துக்கொண்டது மக்கள் வழக்கு. பள்ளியை நடத்தியது எது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எனக்குச் சரியான சொல் கிடைத்தது அப்பாவிடமிருந்துதான். அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து எங்கள் வீட்டுச் சொத்துவரி ரசீதைக் காட்டினேன். அதில் நகரத்துக்கு ஒரு வரி, கவுன்டிக்கு ஒன்று, சமுதாயக் கல்லூரிக்கு ஒன்று, பள்ளி அமைப்புக்கு ஒன்று என்று தனித்தனி வரிசை. பள்ளிக்கான தொகைதான் எல்லாவற்றிலும் பெரியது. எங்கள் ஊர் வீட்டுவரி ரசீதில் கல்வி வரி என்று ஒரு கட்டம் உண்டு. அந்தப் பழக்கத்தில் அவர் விரல் நேராக அந்த வரிசைக்குப் போனது. "இது இவங்களே போடுற வரியா? இவங்களுக்குத் தனித் தேர்தலா? அப்ப இது பள்ளிக்கூடத்துக்குன்னே ஒரு நகராட்சி, அப்படித்தானே?" என்றார்.

அப்படியேதான். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி. தேர்ந்தெடுத்த மன்றம், சொந்த வரி, சொந்த பட்ஜெட், வரையறுத்த எல்லை என்ற நான்கையும் 'ஆட்சி' என்ற அந்த ஒட்டு நமக்கு ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருக்கிறது. மாவட்ட அளவில்கூட மக்கள் தேர்ந்தெடுக்கும் அமைப்பைச் சொல்ல வேண்டும் என்றால் "மாவட்ட ஊராட்சி" என்று அந்த ஒட்டைத்தான் தேடிப் போகிறோம். ஆகவே ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட் என்பது பள்ளியாட்சி. நகராட்சி என்பது அமைப்பையும் குறிக்கும், அதன் எல்லையையும் குறிக்கும். பள்ளியாட்சியும் அப்படியே நிற்கும். டிரஸ்டிகள் கூடுவது பள்ளியாட்சி மன்றம், அவர்கள் மன்ற உறுப்பினர்கள். அறங்காவலரைக் கோயிலுக்கே விட்டுவிடலாம். அமைப்பின் தலைமை நிர்வாகியான சூப்பரின்டெண்டென்ட் பள்ளியாட்சி ஆணையர், நகராட்சி ஆணையரைப் போல. கவுன்டியைக் கவுன்டி என்றே எழுதலாம், யாருக்கும் குழப்பமில்லை. மக்களாட்சி என்றால் மக்கள் ஆள்வது, அப்படியானால் பள்ளியாட்சி பள்ளி ஆள்வதா என்று கேட்கலாம். நகராட்சியை யாரும் நகரம் ஆள்வது என்று படித்ததில்லையே.

பெயரோடு இது நிற்பதில்லை. பட்ஜெட் செய்தி முழுக்க இதே கோளாறுதான். பட்ஜெட் என்ற சொல்லில் எனக்குச் சண்டை இல்லை. பட்ஜெட் என்றாலும் வரவு செலவுத் திட்டம் என்றாலும் எல்லாருக்கும் புரிகிறது. "பத்திரம்" புரியவில்லை. ஆங்கிலத்தில் பாண்ட், அதாவது கட்டடத்துக்கும் பேருந்துக்கும் வாங்கும் கடன். "கடன்" என்ற சொல்லை விட்டுவிட்டால் செய்தியே போயிற்று. அந்தக் கடன் பணத்தில் ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. இங்கே வரி விகிதமே இரண்டு பங்கு. ஒன்று சம்பளம் போன்ற நடப்புச் செலவுக்கு, இன்னொன்று கடனைத் தீர்க்க. இந்தப் பிரிவு தெரியாததால்தான், புதிய மைதானம் கட்டக் காசு இருக்கிறது, டீச்சருக்குச் சம்பளம் கூட்ட இல்லையா என்று ஒவ்வொரு வருடமும் எங்கள் குழுவில் கோபப்படுகிறார்கள். கோபம் நியாயமானது, மொழிபெயர்ப்பு அதற்கு விடை தரவில்லை.

'ரீகேப்சர்' என்பதை ஒருவர் "மீள்கைப்பற்றல்" என்று எழுதியிருந்தார், போர்ச் செய்தி போல. சொத்து மதிப்பு அதிகமுள்ள பள்ளியாட்சிகள் தங்கள் வரியில் ஒரு பங்கை மாநிலத்துக்குக் கட்ட வேண்டும், 1993 முதல் உள்ள ஏற்பாடு. பிளேனோ நெடுநாளாக அப்படிக் கட்டுகிறது. "மாநிலத்துக்குக் கட்டும் பங்கு" என்றால் போதும். ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் வைத்திருக்கும் அடிப்படைத் தொகை 2019 முதல் 6,160 டாலராகவே நின்று, 2025-ல்தான் 55 டாலர் கூடியது. இடையில் விலைவாசி ஏறியதைச் சொல்லவே வேண்டாம். பற்றாக்குறை எங்கிருந்து வருகிறது என்பதில் பெரும்பகுதி இதுதான். அதைச் சொல்லாமல் "மாவட்டத்தின் பற்றாக்குறை" என்று முடித்தால் யாரோ தூரத்து அதிகாரி செலவழித்துவிட்டார் என்றுதான் தோன்றும்.

பிளேனோவில் 2024 ஜூனில் மன்றம் வாக்களித்து நான்கு பள்ளிகளை மூட முடிவெடுத்தது. மாணவர் எண்ணிக்கை குறைந்ததுதான் முக்கியக் காரணம். அதே ஆண்டு நவம்பரில் ஃபிரிஸ்கோ வாக்காளர்கள் வரி உயர்வையும், 100 கோடி டாலருக்கு மேற்பட்ட கடன் கோரிக்கைகளையும் சேர்த்து நிராகரித்தார்கள். இந்தக் கடன் வாக்குச்சீட்டில் "இது சொத்துவரி உயர்வு" என்று பெரிய எழுத்தில் போட வேண்டும் என்பது 2019 முதல் டெக்சஸ் சட்டம். சரியோ தவறோ, ஊர்க்காரர்கள் வாக்களித்து எடுத்த முடிவு அது. எங்கள் குழுவில் குடியுரிமை வாங்கிய தமிழர்கள் நிறையப் பேர். எத்தனை பேர் வாக்களிக்கப் போனார்கள் என்று கேட்டபோது, "மாவட்டத் தேர்தல்தானே, நமக்கென்ன" என்று ஒருவர் எழுதினார். அந்த வரியைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன்.

அறிவிப்பை எழுதியவர்களுக்கு நான் திருத்தி அனுப்பியது இது: "பள்ளியாட்சி ஆணையர் அடுத்த ஆண்டு பட்ஜெட்டை மன்றத்தில் வைத்தார். வரவைவிடச் செலவு அதிகம். ஜூலை 1-ல் புதிய நிதியாண்டு தொடங்குவதற்குள் மன்றம் இதை நிறைவேற்ற வேண்டும். அதற்கு முன் நடக்கும் பொதுக் கூட்டத்தில் நீங்கள் பேசலாம். கடன் வாங்குவது பற்றிப் பிறகு முடிவாகும். வாங்குவதானால் உங்கள் வாக்கு வேண்டும்." மூன்றாம் நாள் திருத்திய அறிவிப்பு வந்தது. ஆணையரும் கடனும் உள்ளே வந்திருந்தன. மேலே தலைப்பில் மட்டும் பள்ளி மாவட்டம் அப்படியே இருந்தது.