பேட்டரி இறங்கிய கார், பூட்டிய கதவு: கண்ணாடியில் கை வைக்கும் முன்

பட்டன் ஸ்டார்ட் கார் ஓட்டுகிறவர்களில் பலர், தங்கள் ரிமோட்டுக்குள் ஓர் உலோகச் சாவி இருப்பதை ஒருமுறைகூட வெளியே எடுத்துப் பார்த்ததில்லை. பேட்டரி இறங்கி, கதவும் பூட்டிக்கொண்ட நிலையில் உதவிக்குக் கூப்பிடும்போது அவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒன்றுதான்: "சார், இந்த வண்டியில சாவி போடுற ஓட்டையே கிடையாது." அநேகமாக இருக்கும். மூடி போட்டு மறைத்திருப்பார்கள், அவ்வளவுதான். அந்த மூடி எங்கே என்று தெரியாததால் கண்ணாடியை உடைத்தவர்களும், கதவுக்குள் இரும்பு ஸ்கேலை விட்டு ஒயரை அறுத்தவர்களும் உண்டு.

எந்த பேட்டரி போயிருக்கிறது?

ரிமோட்டை அழுத்தியும் கதவு திறக்கவில்லை என்றால் கோளாறு இரண்டு இடங்களில் இருக்கலாம். ஒன்று, ரிமோட்டுக்குள் இருக்கும் 3 வோல்ட் பட்டன் செல். பல கார்களில் அது சிஆர்2032. மற்றொன்று, காரின் 12 வோல்ட் பேட்டரி. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு புது பேட்டரியுடன் மெக்கானிக்கை வரவழைத்து, கடைசியில் பெட்டிக்கடை செல் மாட்டி அனுப்புவது அடிக்கடி நடக்கிறது.

பிரித்தறிவது சுலபம். பூட்டிய காரின் டேஷ்போர்டில் சிறு சிவப்பு விளக்கு விட்டுவிட்டு மினுக்கும். அந்த விளக்கு உள்ள காரில் அது இப்போதும் மினுக்கினால் கார் பேட்டரியில் உயிர் இருக்கிறது; சந்தேகப்பட வேண்டியது ரிமோட் செல்லை. கொஞ்ச நாளாகவே ரிமோட்டைக் காருக்கு மிக அருகில் கொண்டுபோனால்தான் பூட்டு வேலை செய்தது என்றாலும் செல்தான் காரணம். விளக்கு அணைந்து, ஸ்பேர் ரிமோட்டுக்கும் பதில் இல்லை என்றால் 12 வோல்ட் பேட்டரி இறங்கியிருக்கிறது. நடுவில் ஒரு நிலையும் உண்டு: ரிமோட்டை அழுத்தினால் கதவுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், ஆனால் லாக் நகராது. ரிலே என்ற சிறு மின் சுவிட்சை இழுக்கும் அளவுக்கு மின்சாரம் இருக்கிறது, பூட்டு மோட்டாரைச் சுற்றும் அளவுக்கு இல்லை.

செல் மட்டும் போயிருந்தால் பெரிய வேலை இல்லை. உலோகச் சாவியால் திறந்து உட்கார்ந்து, பிரேக்கை மிதித்தபடி ரிமோட்டையே ஸ்டார்ட் பட்டனோடு ஒட்டிவைத்து அழுத்துங்கள். ரிமோட்டுக்குள் இருக்கும், திருட்டைத் தடுக்கும் இம்மொபிலைசர் சிப்புக்கு செல் தேவையில்லை. பட்டனைச் சுற்றியுள்ள ஆன்டெனா அதற்கு வேண்டிய சக்தியைக் கொடுத்துவிடும். சில கார்களில் ரிமோட்டை வைக்கும் இடம் கப் ஹோல்டரிலோ ஸ்டீயரிங் தண்டின் பக்கவாட்டிலோ இருக்கும். கையேட்டில் படத்துடன் போட்டிருப்பார்கள்.

மூடியைக் கழற்றிச் சாவி போடுவது

ரிமோட்டின் பக்கவாட்டிலோ பின்புறமோ சிறு தள்ளுவிசை இருக்கும். அதைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு வளையம் மாட்டும் நுனியை இழுத்தால் உலோகச் சாவி வெளியே வரும்.

இனி ஓட்டுநர் கதவு. கைப்பிடியின் பின் நுனியில், நாம் இழுக்கும்போது அசையாமல் நிற்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு ஒன்று உண்டு. காரின் நிறத்திலேயே இருப்பதால் அது தனித் துண்டு என்றே தெரியாது. குனிந்து அதன் அடிப்பக்கத்தைப் பாருங்கள். சாவி நுனி நுழையும் அளவுக்கு ஒரு கீறல் இருக்கும். மற்ற மூன்று கதவுகளில் அநேகமாக அந்தக் கீறல் இருக்காது. அதுவே சரியான இடம் என்பதற்கு அடையாளம். கைப்பிடியை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, சாவி நுனியைக் கீறலில் கொடுத்து மேல்நோக்கி மெதுவாக நெம்பினால் மூடி கழன்று வரும். பெயின்ட் கீறாமலிருக்க சாவி நுனியில் மெல்லிய துணியோ டேப்போ சுற்றிக்கொள்ளலாம். ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். மூடியின் உள்ளே இருப்பது மெல்லிய பிளாஸ்டிக் கொக்கி. அது முறிந்தால் அந்த மூடி மறுபடி அந்த இடத்தில் நிற்காது.

துவாரத்தில் சாவியை முழுவதுமாக, முட்டும் வரை செலுத்த வேண்டும். பாதி நுழைந்த நிலையில் திருகுவதால்தான் இந்த மெல்லிய சாவிகள் முறிகின்றன. எந்தப் பக்கம் திருப்புவது என்பது காருக்குக் கார் மாறும். இரண்டு பக்கமும் மெதுவாக முயன்று பாருங்கள். சில கார்களில் கைப்பிடியை இழுத்துப் பிடித்துக்கொண்டு திருப்பினால்தான் கதவு விடும். பிடிமானம் போதவில்லை என்று கொறடால் பிடித்துத் திருகக் கூடாது. பல வருடம் பயன்படாத சிலிண்டரில் தூசியும், கடலோர ஊர்களில் உப்புக்காற்றின் துருவும் சேர்ந்திருக்கும். கிராஃபைட் தூள் கொஞ்சம் ஊதி, சாவியை உள்ளும் புறமும் பலமுறை அசைத்துவிட்டுத் திருப்பினால் பெரும்பாலும் இளகும். தேங்காய் எண்ணெய் அன்றைக்கு வேலை செய்யும், பிறகு தூசியை இழுத்துப் பசையாக்கிவிடும்.

மின்சாரம் இல்லாததால் இந்தச் சாவி ஒரு கதவை மட்டும்தான் திறக்கும். மற்ற கதவுகளை உள்ளே இருந்து லாக் குமிழைத் தூக்கியோ, உள் கைப்பிடியை ஒருமுறையோ இருமுறையோ இழுத்தோ திறக்கலாம். மினி கூப்பர்போல ஜன்னலைச் சுற்றிச் சட்டமில்லாத கதவுள்ள காரில் மட்டும் எச்சரிக்கை தேவை. கதவு திறக்கும்போது கண்ணாடி சற்றே இறங்கிக்கொடுப்பது மின்சாரத்தால்தான். அது இல்லாதபோது கதவை வெடுக்கென்று இழுத்தால் கண்ணாடி ரப்பர் பீடிங்கில் மாட்டும். கண்ணாடியைக் கையால் மெல்ல உள்நோக்கி அழுத்தியபடி திறந்து, மின்சாரம் வரும்வரை கதவை முழுவதுமாகச் சாத்தாமல் விட்டுவிடுங்கள்.

டிக்கி தனிக் கதை. இப்போதைய கார்கள் பலவற்றில் டிக்கிக் கதவு மின் சுவிட்சால் மட்டுமே திறக்கும், வெளியே சாவித் துவாரம் கிடையாது. பின்சீட்டை மடக்கிவிட்டு உள்ளே ஊர்ந்து போனால், டிக்கிக் கதவின் உட்புறப் பிளாஸ்டிக்கில் சிறு மூடி இருக்கும். அதை எடுத்துவிட்டு உள்ளே தெரியும் நெம்புகோலைத் தள்ள வேண்டும். வேறொரு காரின் பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுக்க உதவும் ஜம்பர் கேபிளை டிக்கியில் வைத்திருப்பவர்களுக்கு இந்த உடற்பயிற்சி கட்டாயம்.

உலோகச் சாவியே இல்லை என்றால்

சாவி தொலைந்திருக்கும், அல்லது ரிமோட் காருக்குள்ளேயே கிடக்கும். இதற்கென்று கருவி வைத்திருப்பவர் கதவின் மேல் மூலையில் காற்றுப்பையைச் செருகி, விரற்கடை இடைவெளி உண்டாக்கி, உறை போட்ட நீளக் கம்பியை உள்ளே விடுவார். பேட்டரி இறங்கிய காரில் புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். சாதாரண நாளில் கம்பியால் அன்லாக் பட்டனைத் தட்டினால் போதும். இப்போது அந்தப் பட்டன் வெறும் பிளாஸ்டிக். உள் கைப்பிடியையோ லாக் குமிழையோதான் கம்பியால் இழுக்க வேண்டும். சில ஐரோப்பிய கார்களில் இரட்டைப் பூட்டு விழுந்திருந்தால் உள் கைப்பிடிக்கும் அசையாது. கதவு மூலையை அளவுக்கு மேல் நெம்பினால் சட்டம் வளைந்து, அடுத்த மழைக்குத் தண்ணீர் உள்ளே வரும். கண்ணாடிக்கும் கதவுக்கும் நடுவே இரும்புப் பட்டை விட்டுத் துழாவும் பழைய வித்தையை இன்றைய காரில் செய்யவே கூடாது. கதவுக்குள் ஜன்னல் ஒயர்கள் ஓடுகின்றன. பல கார்களில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கான சென்சாரும் அங்கேதான் இருக்கிறது.

இன்னொரு வழி, ரிமோட் கையில் இருந்து, சாவித் துவாரம் மட்டும் பழுதானவர்களுக்கானது. செல்ஃப் மோட்டாருக்குப் போகும் தடித்த ஒயர் பேட்டரியின் பிளஸ்ஸோடு நேரடியாக இணைந்தது. காருக்குக் கீழே படுத்து அந்த முனையில் வெளி பேட்டரியின் பிளஸ்ஸையும், எஞ்சின் உலோகத்தில் மைனஸையும் பிடித்தால் காருக்கு உயிர் வரும், ரிமோட்டும் வேலை செய்யும். இது பழகிய எலெக்ட்ரீஷியன் செய்ய வேண்டிய வேலை. அந்த ஒயரில் பெரும்பாலும் ஃபியூஸ் கிடையாது. கிளிப் சற்று வழுக்கிப் பக்கத்து இரும்பில் பட்டால் தீப்பொறி கண்ணெதிரே பறக்கும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கடியில் போகவே கூடாது.

யாரைக் கூப்பிட்டாலும் அவர் முதலில் ஆர்சி கேட்க வேண்டும். கேட்காமலே திறப்பவர் நாளைக்கு உங்கள் காரை வேறு யாருக்காகவும் திறப்பார். காகித ஆர்சி காருக்குள் மாட்டியிருந்தால் டிஜிலாக்கரில் உள்ளதைக் காட்டலாம். தேசிய நெடுஞ்சாலையில் நின்றுவிட்டால் 1033 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

உள்ளே குழந்தையோ முதியவரோ இருந்தால் மேலே சொன்ன எதற்கும் காத்திருக்காதீர்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறும். 112-ஐ அழைக்கச் சொல்லிக்கொண்டே, உள்ளே இருப்பவரிடமிருந்து தள்ளியுள்ள பக்கக் கண்ணாடியின் மூலையில், கூரான இரும்பால் ஓங்கித் தட்டுங்கள். நடுவில் தட்டினால் எளிதில் உடையாது. முன் கண்ணாடி இரட்டை அடுக்குக் கண்ணாடி. அதில் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

கதவு திறந்த பிறகு

பானட் நெம்புகோல் கம்பியால் இயங்குவது, மின்சாரம் தேவையில்லை. பெரும்பாலும் ஓட்டுநரின் காலருகில் இருக்கும். சில ஐரோப்பிய கார்களில் இடது பக்கம். பிஎம்டபிள்யூ கார்கள் பலவற்றில் பேட்டரியே டிக்கியில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட கார்களில் பானட்டுக்குள் சிவப்பு மூடி போட்ட பிளஸ் முனையும், தனியே மைனஸ் முனையும் வைத்திருப்பார்கள்.

கேபிள் மாட்டுவதற்கு முன் ரிமோட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள், ஓட்டுநர் கதவைத் திறந்தே வையுங்கள். மின்சாரம் திரும்பிய நொடியில் சில கார்கள் தாமாகவே பூட்டிக்கொள்ளும். சாவியால் திறந்ததைத் திருட்டு என்று எடுத்துக்கொண்டு அலாரமும் கத்தும். ரிமோட்டில் அன்லாக் அழுத்தினால் அடங்கிவிடும்.

முதலில் டெர்மினலைக் கையால் அசைத்துப் பாருங்கள். ஆடினாலோ, வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தாலோ பேட்டரியில் குறையே இல்லாமலிருக்கலாம். சுத்தம் செய்து இறுக்கினால் கார் எழுந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தாலோ கசிந்திருந்தாலோ ஜம்ப் போடாதீர்கள், மாற்றிவிடுங்கள்.

ஜம்பர் கேபிளில் வரிசை முக்கியம். இரண்டு கார்களையும் அணைத்துவிட்டு, சிவப்பை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸில், அடுத்து நல்ல பேட்டரியின் பிளஸ்ஸில் மாட்ட வேண்டும். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, அதன் மறுமுனையை இறங்கிய காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத உலோகத்தில், பேட்டரியிலிருந்து தள்ளிக் கடிக்கவிட வேண்டும். கடைசி இணைப்பில்தான் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வெளியேறும் ஹைட்ரஜன் அருகில் அது வேண்டாம். உதவும் காரை 5 முதல் 10 நிமிடம் ஓடவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். கழற்றும்போது வரிசை தலைகீழ். பெட்ரோல் காருக்கு 16 சதுர மில்லிமீட்டர், டீசலுக்கு 25 செம்புக் கேபிள் வேண்டும். சாலையோரம் விற்கும் தடித்த கேபிள்கள் சிலவற்றில் ரப்பர்தான் தடிமன். கேபிள் சூடேறும், செல்ஃப் சுற்றாது. லாரியோ பஸ்ஸோ உதவிக்கு நின்றால் நன்றி சொல்லி அனுப்பிவிடுங்கள். அவை பெரும்பாலும் 24 வோல்ட். உங்கள் காரின் கம்ப்யூட்டர் தாங்காது.

கியர் வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்யலாமே என்பார்கள். கொஞ்சம் உயிர் மிச்சமிருந்தால் முடியும். டேஷ்போர்டில் ஒரு விளக்குகூட எரியவில்லை என்றால் பெட்ரோல் பம்ப்பும் ஓடாது, இம்மொபிலைசரும் விடாது; தள்ளுகிறவர்களுக்கு மூச்சு வாங்குவதுதான் மிச்சம்.

கார் ஸ்டார்ட் ஆன பின் டெர்மினலில் மல்டிமீட்டர் வைத்தால் 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்ட வேண்டும். குறைந்தால் டைனமோவைப் பாருங்கள். பல நவீன கார்களில் கம்ப்யூட்டரே இதைக் கொஞ்சம் ஏற்றி இறக்கும் என்பதால் ஒரே அளவீட்டை வைத்து முடிவு கட்ட வேண்டாம். அரை மணி நேர ஓட்டத்தில் வெறுமையான பேட்டரி நிறைந்துவிடாது. சார்ஜரில் போட்டு, ஓர் இரவு ஓய்வு கொடுத்துப் பாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ், 12.2 என்றால் பாதி.

ஏன் இறங்கியது?

நிறுத்திய காரும் கொஞ்சம் மின்சாரம் குடித்துக்கொண்டேதான் இருக்கும். அது 50 மில்லி ஆம்பியருக்குள் இருந்தால் சரி. சிறிய பெட்ரோல் கார்களில் இருப்பது பெரும்பாலும் 35 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி. நேரடியாக ஒயர் இழுத்து மாட்டிய டேஷ்கேம் 250 மில்லி ஆம்பியர் எடுத்தால் நாளுக்கு 6 ஏஎச். மூன்றே நாளில் பாதி பேட்டரி காலி. வெளிக்கடையில் போட்ட மியூசிக் சிஸ்டம், ஜிபிஎஸ் டிராக்கர் எல்லாம் இதே வகை. வீட்டு வாசலில் நிற்கும் காருக்குச் சுவருக்கு அந்தப்பக்கமே ரிமோட்டை மாட்டிவைப்பதும் சில கார்களைத் தூங்கவிடாது. நம் ஊர் வெயிலில் மூன்று நான்கு வருடம் கடந்த பேட்டரியை ஊருக்குக் கிளம்பும் முன் கடையில் லோடு டெஸ்ட் செய்வது நல்லது.

மின்சாரக் கார்களும் விதிவிலக்கல்ல. பெரிய பேட்டரி நிறைந்திருந்தாலும், கதவையும் கம்ப்யூட்டரையும் எழுப்புவது சிறிய பேட்டரிதான். டெஸ்லாவின் மாடல் 3, மாடல் ஒய் கார்களில் சாவித் துவாரமே இல்லை. முன்பம்பரில் இழுவைக் கொக்கிக்கான வட்ட மூடிக்குள் சிவப்பு, கறுப்பு ஒயர்கள் இரண்டு இருக்கும். வெளியிலிருந்து 12 வோல்ட் கொடுத்தால் முன்மூடி திறக்கும். கதவு திறக்க அதற்குள் இருக்கும் பேட்டரிக்கு உயிர் கொடுக்க வேண்டும்.

உலோகச் சாவி வேலை செய்கிறதா என்பதைப் பேட்டரி நன்றாக இருக்கும் நாளில் பாருங்கள். ஜன்னலை இறக்கிவிட்டு, காரைப் பூட்டி, மூடியைக் கழற்றி, சாவியால் திறந்து மூடுங்கள். அலாரம் அடித்தால் ரிமோட்டால் அணையுங்கள். புதுக் கார் வாங்கும்போது சாவியோடு கொடுக்கும் எண் பொறித்த சிறு தகட்டை வீட்டு பீரோவில் வையுங்கள். சாவி தொலைந்தால் அந்த எண்ணைக் கொண்டு வெட்டித் தருவார்கள். மூடியைத் திரும்ப மாட்டும்போது முன்பக்கக் கொக்கியை முதலில் செருகி, பிறகு பின்பக்கத்தை அழுத்துங்கள். 'க்ளிக்' சத்தம் கேட்காவிட்டால் முதல் வாட்டர் வாஷிலேயே அது போய்விடும்.